வெள்ளைக் கட்டம்: நோட்புக்கில் வரைபடம் ஏன் தோன்ற மறுக்கிறது

(புதுச்சேரி, சாரத்தில் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்குமாக நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதையொட்டிய 24 மணி நேரத்தில் நம் ஊரில் 46 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. ஆண்டு முழுவதும் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 130 செ.மீ.தான். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டிவிட்டது. கிருஷ்ணா நகரில் ராணுவத்தினர் வந்து மக்களை மீட்டார்கள். ரெயின்போ நகரில் தண்ணீர் வடிய எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாரத்திலிருந்து அந்தத் தெருக்கள் நடந்து போகும் தூரம்.

அந்த மழைக்குப் பிறகு மழைக் கணக்கைத் தேடி எடுத்து வரைபடம் போட்டுப் பார்க்கும் ஆர்வம் நம் மாணவர்களிடம் கூடியிருக்கிறது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901-லிருந்து நாள்வாரி மழையளவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் கால் பாகை அகலம், கால் பாகை நீளம். நம் ஊர் விழும் கட்டத்தை மட்டும் பிரித்தெடுத்தால் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாள்களின் மழை கைக்கு வந்துவிடும். இவ்வளவையும் ஒரு காகிதத்தில் கோடாக வரைந்தால் ஒன்றும் தெரியாது, அடர்ந்த புல்லாகத் தெரியும். சுட்டியை ஒரு புள்ளியின் மேல் வைத்தால் தேதியும் அளவும் எழ வேண்டும். ஒரு பத்தாண்டை மட்டும் இழுத்துப் பெரிதாக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்த வாரத்தையும் ஃபெஞ்சல் வந்த வாரத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். தொட்டால் பதில் சொல்லும் இத்தகைய வரைபடத்தைத்தான் ஊடாடும் வரைபடம் என்கிறோம். பைத்தானில் பிளாட்லி, போக்கே, ஆல்டேர் போன்ற லைப்ரரிகள் அதற்காக இருக்கின்றன.

மாணவர் அதைப் போடுகிறார். அவர் கணினியில் அழகாக வருகிறது. நண்பருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பினால் அங்கே வெறும் வெள்ளைக் கட்டம். சில சமயம் அவர் கணினியிலேயே நேற்று வந்தது இன்று வருவதில்லை. பிழைச் செய்தியாவது வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தேடலாம். பெரும்பாலும் அதுவும் வராது. உடனே மாணவர் தன் கணக்கில்தான் ஏதோ தவறு என்று நினைத்து நிரலைக் கலைத்துக் கலைத்து எழுதுகிறார். சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார். இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். வெள்ளைக் கட்டம் வந்தால் பெரும்பாலும் கணக்கு பிழையாக இருக்காது. கணக்கு முடிந்த இடத்திலிருந்து உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் வழியில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. அந்த வழியைத் தெரிந்துகொண்டால் எங்கே அறுந்தது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

முதலில் நோட்புக் என்பது என்ன என்று பார்ப்போம். 2001-ல் ஃபெர்னாண்டோ பெரெஸ் என்பவர் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, தன் வேலைக்கு வசதியாக ஐபைத்தான் என்ற ஒன்றைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, 2011 இறுதியில், அது உலாவிக்குள் திறக்கும் நோட்புக்காக வளர்ந்தது. 2014-ல் ஜூப்பிட்டர் என்ற திட்டமாகப் பிரிந்தது. எழுத்து, நிரல், விடை, படம் எல்லாம் ஒரே தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும் என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் தாள் ஒன்றாகத் தெரிந்தாலும் வேலை இரண்டு இடத்தில் நடக்கிறது. கணக்குப் போடுவது கர்னல். அது உங்கள் கணினியில் இருக்கலாம், காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தின் சர்வரில் இருக்கலாம், கூகுளின் கோலாப் சேவையைப் போல எந்த நாட்டிலோ இருக்கலாம். விடையைக் காட்டுவது உங்கள் உலாவி. இரண்டுக்கும் நடுவே செய்திதான் போய் வருகிறது.

மேட்பிளாட்லிப் என்ற லைப்ரரியைக் கொண்டு சாதாரணமாக ஒரு படம் போடும்போது கர்னலே படத்தை முழுதாக வரைந்து, பி.என்.ஜி. படமாக உலாவிக்கு அனுப்பிவிடும். உலாவி அதைக் காட்டினால் போதும். ஊடாடும் வரைபடத்தில் கர்னல் படம் வரைவதே இல்லை. எண்களையும், 'இந்த அச்சு இங்கே, இந்தக் கோடு இந்த நிறத்தில்' என்ற குறிப்பையும் மட்டும் அனுப்புகிறது. வரைவது உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். பதிவு செய்த கச்சேரிக்கும் ஸ்வரக் குறிப்புக்கும் உள்ள வேறுபாடு இது. பதிவை யார் வீட்டிலும் கேட்கலாம். குறிப்பை அனுப்பினால் அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். பிளாட்லிக்கு அந்த வாசிப்பவர் பிளாட்லி ஜேஎஸ், போக்கேவுக்கு போக்கே ஜேஎஸ், ஆல்டேருக்கு வேகா. வாசிப்பவர் வந்து சேரவில்லை என்றால் வெள்ளைக் கட்டம்.

அவர் எந்த வழியாக வருகிறார் என்பதில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது. ஒரு வழி, லைப்ரரியை நோட்புக் கோப்புக்குள்ளேயே திணித்துவிடுவது. கோப்பு சில எம்.பி. பெருத்துவிடும், ஆனால் இணையம் இல்லாமலும் படம் வரும். இன்னொரு வழி, கோப்பில் முகவரியை மட்டும் வைத்துவிட்டு, திறக்கும்போது இணையத்திலிருந்து இழுப்பது. கோப்பு சிறியது, ஆனால் இணையம் இல்லாத வகுப்பறையில் திறந்தால் ஒன்றும் வராது. கல்லூரியின் ஃபயர்வால் அந்த முகவரியைத் தடுத்திருந்தாலும் இதே கதைதான். மூன்றாவது வழி, நோட்புக்கைத் திறக்கும் ஜூப்பிட்டர் லேபுக்குள் ஒரு நீட்சியாக முன்கூட்டியே நிறுவி வைப்பது.

பிளாட்லியில் 2019-ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து இவற்றுக்கு ரெண்டரர் என்று பெயர். முதல் வழிக்கு 'நோட்புக்', இரண்டாம் வழிக்கு 'நோட்புக் கனெக்டட்' என்று தேர்ந்தெடுக்கலாம். எங்கே ஓடுகிறோம் என்பதை அதுவே ஊகித்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியில்லாதபோது நீங்களே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரியைத் தெரியாமல் நாள் கணக்கில் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது வழியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் மாணவர்களை மிக அதிகமாக அலைக்கழிப்பது அதுதான். ஜூப்பிட்டர் ஓடும் பைத்தான் ஒன்று, உங்கள் நிரல் ஓடும் கர்னலின் பைத்தான் வேறொன்று என்று இருக்க முடியும். அனகோண்டா நிறுவி, அதில் தனித்தனிச் சூழல்கள் அமைத்தவர்களுக்கு இது தெரியும். பிளாட்லி லைப்ரரி கர்னலின் சூழலில் இருக்க வேண்டும். படம் காட்டும் நீட்சியோ ஜூப்பிட்டர் ஓடும் சூழலில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் நிறுவிவிட்டு, 'நிறுவிட்டேன் சார், வரலை' என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். நிறுவிய இடம்தான் வேறு. டெர்மினலில் பிப் கட்டளை கொடுத்தால் அது எந்தப் பைத்தானுக்குள் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகலாம். நோட்புக்கில் நிரல் எழுதும் பெட்டியான செல்லுக்குள்ளேயே சதவீதக் குறி போட்டு பிப் கட்டளையை எழுதினால் அது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்குள்ளேயே போகும். பிறகு கர்னலை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். உலாவித் தாவலையும் புதுப்பியுங்கள். நீட்சி உலாவிக்குள் ஏறுவது அப்போதுதான்.

'மைம் டைப் ரெண்டரிங் செய்ய என்பிஃபார்மேட் 4.2.0 அல்லது அதற்கு மேல் வேண்டும், அது நிறுவப்படவில்லை' என்ற பொருளில் ஒரு சிவப்புச் செய்தியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது மிரட்டலாகத் தோன்றும். உண்மையில் அது மிக நல்ல செய்தி. கேட்பதைக் கொடுத்துவிட்டு கர்னலை மறுதொடக்கம் செய்தால் முடிந்தது. பிழைச் செய்தி வருவது வரம். எதுவும் சொல்லாமல் வெறுமையாக நிற்பதுதான் கடினம்.

பழைய பாடநூல்களையும் பழைய காணொளிகளையும் பார்த்துக் கற்பவர்களுக்கு இன்னொரு இடர். ஜூப்பிட்டர் லேப் 2018-ல் வெளிவந்த காலத்தில், பிளாட்லியின் நீட்சியை நிறுவ நோட் ஜேஎஸ் வேண்டும், தனிக் கட்டளை வேண்டும். 2020 இறுதியில் லேபின் மூன்றாம் பதிப்பு வந்த பிறகு நீட்சிகள் முன்கூட்டியே கட்டப்பட்டு வரத் தொடங்கின, அந்தக் கட்டளைகள் தேவையற்றுப்போயின. 2023-ல் வந்த நோட்புக் ஏழாம் பதிப்பு, லேபின் உறுப்புகளைக் கொண்டே மறுபடி கட்டப்பட்டது. பழைய நோட்புக்குக்கு எழுதிய நீட்சிகள் அதில் வேலை செய்யாது. மேட்பிளாட்லிப்பை ஊடாட வைக்க முன்பு 'மேட்பிளாட்லிப் நோட்புக்' என்று ஒரு மந்திர வரி எழுதுவோம். அதையே இன்று லேபில் எழுதினால் 'ஐபைத்தான் ஈஸ் நாட் டிஃபைண்ட்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் பிழைதான் வரும். ஐபிம்பிஎல் என்ற சிறு தொகுப்பை நிறுவிக்கொண்டு, 'மேட்பிளாட்லிப் விட்ஜெட்' என்று எழுத வேண்டும். ஆகவே இணையத்தில் ஒரு விடையைப் படிக்கும்போது அது எந்த ஆண்டு எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். 2019-ன் சரியான விடை இன்று தவறாக இருக்கலாம்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் ஊரில் செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955-ல் தொடங்கப்பட்டது. ஹென்றி கோசன், லெக்ரி முதலியோர் அங்கிருந்து இந்தியாவின் தாவரப் பரவலை பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் வரைபடத் தாள்களாக வெளியிட்டார்கள். கன்னியாகுமரித் தாள் 1961-ல் வந்தது. அந்தத் தாளை இன்று மேசையில் விரித்தால் அப்படியே படிக்கலாம். எந்த லைப்ரரியும் வேண்டாம், எந்தப் பதிப்பும் பொருந்த வேண்டாம். நாம் ஐந்தாண்டுக்கு முன் போட்ட ஊடாடும் வரைபடம் இன்று திறக்க மறுக்கிறது. காகிதத்துக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தால் ஒரு புள்ளியைத் தொட்டு எண்ணைக் கேட்க முடியாது. ஆனால் நாளை ஒருவர் படிக்க வேண்டும் என்ற கவலை அந்தத் தாளை அச்சிட்டவர்களுக்கு இருந்தது. நமக்கும் இருக்க வேண்டும்.

இது வெறும் ஆதங்கம் அல்ல. 2019-ல் பிமெண்டல் முதலிய ஆய்வாளர்கள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருந்த பதினான்கு லட்சம் நோட்புக்குகளைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். செல்கள் ஓடிய வரிசை தெளிவாகத் தெரிந்தவற்றை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது நூற்றுக்கு 24 அளவே பிழையின்றி ஓடின. முன்பு வந்த அதே விடையைத் தந்தவை நூற்றுக்கு 4. ஊடாடும் படங்கள் மட்டுமல்ல, நோட்புக் முழுவதுமே எளிதில் உடைவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி அனுமதி பற்றி. நோட்புக்கில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்பது இன்னொருவர் எழுதி உங்கள் உலாவியில் ஓடும் நிரல். அது படம் வரையலாம், உங்கள் கணக்குகளுக்குள் கைவைக்கவும் முயலலாம். எனவே ஜூப்பிட்டர் ஒரு முறை வைத்திருக்கிறது. நீங்களே ஓட்டி உண்டாக்கிய வெளியீட்டுக்கு உங்கள் கணினியில் உள்ள ரகசியச் சாவியால் ஒப்பமிட்டு வைக்கும். வேறொருவர் அனுப்பிய கோப்பில் அந்த ஒப்பம் இருக்காது. அதனால் அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட்டை ஓடவிடாது. ஃபோலியம் கொண்டு நிலப்படம் போட்டவர்களுக்கு, படம் இருக்க வேண்டிய இடத்தில் 'இந்த நோட்புக்கை நம்புவதாகக் குறித்தால் படம் ஏறும்' என்ற பொருளில் ஒரு வரி வந்திருக்கும். கோப்பு மெனுவில் 'டிரஸ்ட்' என்பதைத் தட்டினால் படம் வந்துவிடும். ஆனால் யார் அனுப்பினாலும் உடனே தட்டிவிடாதீர்கள். நிரலைப் படித்துப் பார்த்து, எல்லாச் செல்களையும் நீங்களே ஓட்டுவது அதைவிட நல்லது. அப்போது வெளியீடு உங்களுடையதாகிவிடும்.

கிட்ஹப்பிலும் இதே அக்கறைதான் வேறு வடிவில் இருக்கிறது. 2015-லிருந்து அது நோட்புக்குகளை நேரடியாகக் காட்டுகிறது, ஆனால் அவற்றிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவதில்லை. அங்கே ஊடாடும் வரைபடம் தெரியாது. நீங்கள் எவ்வளவு முயன்றாலும் தெரியாது, முயலவும் வேண்டாம். என்பிவியூவர் என்ற தளத்தின் வழியாகத் திறந்தால் பல சமயம் தெரியும். கோலாப்பில் இன்னொரு அமைப்பு: ஒவ்வொரு செல்லின் வெளியீடும் தனித்தனி அறைக்குள் பூட்டப்பட்டிருக்கும். ஒரு செல்லில் ஏற்றிய லைப்ரரி அடுத்த செல்லுக்குத் தெரியாது. போக்கே பயன்படுத்துவோர் 'அவுட்புட் நோட்புக்' என்ற அழைப்பை முதல் செல்லில் மட்டும் எழுதிவிட்டு மூன்றாம் செல்லில் படம் வரவில்லையே என்று குழம்புவது இதனால்தான். வரையும் செல்லிலேயே அதையும் எழுதுங்கள்.

மழைக் கணக்குக்கு வருவோம். நாற்பதாயிரம் புள்ளிகளைச் சாதாரண முறையில் வரைந்தால் ஒவ்வொரு புள்ளியும் உலாவிக்குள் ஒரு தனி உறுப்பாகிவிடும். பழைய மடிக்கணினி திணறி நின்றுவிடும். நின்றுவிட்டதையும் நாம் 'வரவில்லை' என்றுதான் சொல்வோம். இதற்கு மாற்று வெப்ஜிஎல். கணினியின் வரைகலைப் பகுதியே புள்ளிகளை வரையும். பிளாட்லி எக்ஸ்பிரஸில் ஆயிரம் புள்ளிகளைத் தாண்டினால் அதுவே வெப்ஜிஎல்லுக்கு மாறிக்கொள்ளும். இதிலும் ஒரு வரம்பு உண்டு. குரோம் போன்ற உலாவிகள் ஒரே சமயத்தில் ஏறத்தாழ 16 வெப்ஜிஎல் படங்களைத்தான் உயிரோடு வைத்திருக்கும். மாதத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று ஒரே நோட்புக்கில் இருபது படம் போட்டால் கடைசியில் உள்ளவை தெரியும், மேலே உள்ளவை ஒவ்வொன்றாக வெளுத்துப்போகும். கீழே வந்துவிட்டு மேலே போய்ப் பார்ப்பவருக்கு இது பேய் வேலையாகத் தெரியும். எஃப் 12 தட்டி, கன்சோலைத் திறந்து பார்த்தால் வெப்ஜிஎல் எண்ணிக்கை மிகுந்துவிட்டது என்ற எச்சரிக்கை அங்கே இருக்கும். அந்தக் கன்சோலைத் திறக்கும் பழக்கத்தை இன்றே பழகிக்கொள்ளுங்கள். கர்னல் சொல்லாததை அது சொல்லும்.

இன்னொன்று: நோட்புக் சர்வர் ஒரு நொடிக்கு இவ்வளவுதான் அனுப்புவேன் என்று வரம்பு வைத்திருந்த பதிப்புகள் உண்டு. பத்து லட்சம் பைட்டைத் தாண்டினால் 'ஐஓபப் டேட்டா ரேட் எக்ஸீடட்' என்று சொல்லிவிட்டு அனுப்புவதை நிறுத்திவிடும். அமைப்பில் அந்த வரம்பை உயர்த்தலாம். அதற்கு முன், நாற்பதாயிரம் நாளையும் காட்டத்தான் வேண்டுமா, மாத மொத்தம் போதாதா என்று ஒருமுறை யோசியுங்கள். மாதக் கணக்கில் 1,500 புள்ளிகள்தான். வடகிழக்குப் பருவமழை எந்த ஆண்டு பொய்த்தது, எந்த ஆண்டு மிகுந்தது என்பது அதிலேயே தெளிவாகத் தெரியும்.

முப்பரிமாணப் படங்களைப் பற்றிச் சொல்லும்போது நம் பக்கத்து வரலாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மாயாவி என்ற முப்பரிமாண வரைகலைக் கருவி உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் பயன்படுத்துவது. அதை எழுதியவர் பிரபு ராமச்சந்திரன். சென்னை ஐ.ஐ.டி.யில் வான்வெளிப் பொறியியலில் ஆய்வு செய்தவர். பிறகு மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். இந்தியப் பைத்தான் சமூகம் அவருக்கு 2014-ல் கென்னத் கன்சால்வஸ் விருதை வழங்கியது. கென்னத் ஊட்டியில் வாழ்ந்துகொண்டு நாடு முழுவதும் பைத்தானைப் பரப்பியவர், 2012-ல் மறைந்தார். மாயாவி பிறந்த காலத்தில் படம் என்றால் கணினித் திரையில் தனிச் சாளரம். நோட்புக் வந்த பிறகு அதை உலாவிக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. தூரத்துச் சர்வருக்குத் திரையே இல்லை. திரை இல்லாத இடத்தில் சாளரம் எங்கே திறக்கும்? எனவே மாயாவியில் நோட்புக்குக்கென்று ஒரு தொடக்க அழைப்பு சேர்த்தார்கள். அதில் பி.என்.ஜி. என்றால் அசையாப் படம் வரும். எக்ஸ்3டி என்றால் உலாவிக்குள் சுழற்றிப் பார்க்கும் படம் வரும். அதற்கு வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட்டைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள். ஒரே படத்துக்கு அசையாத வடிவம் ஒன்று, அசையும் வடிவம் ஒன்று, இணையம் இல்லாதவருக்கும் ஒரு வழி. இந்த ஏற்பாட்டில் வாசகர் மேல் இருக்கும் கரிசனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி எனக்கு மிக நெருக்கமான விஷயம். வரைபடத்தின் தலைப்பையும் அச்சுப் பெயர்களையும் தமிழில் எழுதுங்கள் என்று நான் மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். ரெயின்போ நகர் மழையைப் பற்றிய படத்தை அங்கே வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர் படிக்க வேண்டாமா? ஆனால் மேட்பிளாட்லிப்பில் 'மழை' என்று எழுதினால் முதலில் வெறும் பெட்டிகள்தான் வரும். அதன் இயல்பு எழுத்துரு தேஜாவு சான்ஸ், அதில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைக் காட்டிக்கொடுத்தால் எழுத்து வரும், ஆனால் குலைந்து வரும். ஐகாரக் குறி ழகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். கணினியின் சேமிப்பிலோ அது ழகரத்துக்குப் பின்னால் இருக்கிறது. திரையில் அதை முன்னால் நகர்த்தி வைக்க எழுத்து வடிவமைப்பு என்ற தனிக் கட்டம் ஒன்று வேண்டும். நம் கல்லூரிக் கணினிகளில் இருக்கும் மேட்பிளாட்லிப் பதிப்புகள் அதைச் செய்வதில்லை. சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு போகும். 'மழை'யில் ஐகாரக் குறி கடைசியில் தொங்கும். 'செப்டம்பர்' என்பதில் சகரத்துக்கு அடுத்துக் கொம்பு நிற்கும். ஒகரமும் ஓகாரமும் இன்னும் மோசம்.

உலாவிக்குள் வரையும் லைப்ரரிகளில் இந்தத் துன்பம் இல்லை. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தமிழ்ப் பக்கங்களைச் சரியாகக் காட்டும் அதே திறனால் வரைபடத்தின் தமிழையும் சரியாகக் காட்டிவிடுகின்றன. ஆகவே தமிழில் எழுத நினைப்பவருக்கு ஊடாடும் லைப்ரரி ஆடம்பரம் அல்ல, இப்போதைக்கு எளிய வழி அதுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: எங்கே வரையப்படுகிறதோ அங்கே தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். உங்கள் உலாவியில் வரைந்தால் உங்கள் கணினியின் எழுத்துரு. அதே பிளாட்லிப் படத்தைக் கோலாப்பில் இருந்துகொண்டு பி.என்.ஜி.யாக ஏற்றுமதி செய்தால் வரைவது தூரத்துக் கணினி. அங்கே தமிழ் எழுத்துரு இல்லையென்றால் மறுபடி பெட்டிகள். நோட்டோ தமிழை அங்கே நிறுவிவிட்டுப் பிறகு ஏற்றுமதி செய்யுங்கள்.

சரி, வெறுமையான கட்டத்தின் முன் உட்கார்ந்திருக்கிறீர்கள். எங்கே தொடங்குவது? நான் எப்போதும் ஒரு சோதனையிலிருந்து தொடங்குவேன். அந்த வரைபடத்தை நோட்புக்கில் காட்டச் சொல்லாமல், தனி எச்.டி.எம்.எல். கோப்பாக எழுதச் சொல்லுங்கள். பிளாட்லியில் 'ரைட் எச்.டி.எம்.எல்.' என்று ஒரு அழைப்பு இருக்கிறது. போக்கேயிலும் ஆல்டேரிலும் 'சேவ்' உண்டு. அந்தக் கோப்பை உலாவியில் திறந்து பாருங்கள். படம் தெரிந்தால் உங்கள் தரவும் நிரலும் பழுதில்லை, கோளாறு நோட்புக்கில் இருக்கிறது: ரெண்டரர், நீட்சி, அனுமதி, இவற்றைப் பாருங்கள். அதிலும் தெரியவில்லை என்றால் தரவைப் பாருங்கள். மழையளவு எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாக வந்திருக்கலாம். அளவு கிடைக்காத நாள்களுக்கு வைக்கும் மைனஸ் 999 போன்ற எண் அச்சைத் தாறுமாறாக நீட்டியிருக்கலாம். வடிகட்டியதில் அட்டவணையே காலியாகியிருக்கலாம். இந்த ஒரு சோதனை பாதித் தேடலை மிச்சப்படுத்திவிடும். இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. செல்லின் கடைசி வரியில் படத்தின் பெயரை எழுதினால் அது தானே தோன்றும். சுழற்சிக்குள் எழுதினால் தோன்றாது. அங்கே 'ஷோ' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அந்த எச்.டி.எம்.எல். கோப்பு சோதனைக்கு மட்டும் அல்ல. படத்தைப் பிறருக்குக் கொடுக்கும் நல்ல வடிவமும் அதுதான். லைப்ரரியை உள்ளே வைத்தே எழுதினால் சில எம்.பி. இருக்கும், ஆனால் பைத்தான் இல்லாதவரும் இணையம் இல்லாதவரும் திறக்கலாம். கூடவே ஒரு பி.என்.ஜி.யும், எண்கள் அடங்கிய சி.எஸ்.வி. கோப்பும், பயன்படுத்திய தொகுப்புகளின் பதிப்பு எண்களை எழுதிய ஒரு சிறு உரைக் கோப்பும் வையுங்கள். படம் திறக்காவிட்டாலும் பி.என்.ஜி. திறக்கும். அதுவும் கைகொடுக்காவிட்டால் சி.எஸ்.வி.யிலிருந்து யாராவது மறுபடி வரைவார்கள்.

ஸ்லைடர், தேர்வுப் பட்டி வைத்து ஐபைவிட்ஜெட்ஸில் செய்தவர்களுக்கு மட்டும் ஒரு வேறுபாடு. அவற்றை அசைத்தால் கணக்கு மறுபடி கர்னலில் நடக்க வேண்டும். கர்னல் இல்லாத இடத்தில் ஸ்லைடர் நகரும், படம் மாறாது. கர்னல் நின்றுபோன பிறகு திறந்தால் 'மாடல் நாட் ஃபவுண்ட்' என்ற செய்திதான். அப்படிப்பட்டதைப் பகிர வேண்டுமென்றால் பைண்டரில் வையுங்கள், அல்லது ஜூப்பிட்டர் லைட்டில் ஓட்டுங்கள். பைண்டர் ஒரு தற்காலிகக் கர்னலை எழுப்பித் தரும். ஜூப்பிட்டர் லைட்டில் பைத்தானே உலாவிக்குள் ஓடும், சர்வர் வேண்டாம். முதல்முறை ஏறச் சற்று நேரம் பிடிக்கும். பொறுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கைபேசி. நம் தெருவில் இந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்ப்பார்கள். அங்கே சுட்டி கிடையாது. சுட்டியை மேலே வைத்தால் தோன்றும் எண், இங்கே விரலால் தட்டினால்தான் தோன்றும். அதைப் படத்தின் கீழ் தமிழில் ஒரு வரி எழுதிச் சொல்லுங்கள். பக்கத்தைத் தள்ள விரலை இழுத்தால், பிளாட்லிப் படம் அதைப் பெரிதாக்கும் கட்டளையாக எடுத்துக்கொண்டு பக்கத்தை நகரவிடாது. படத்தின் அமைப்பில் 'டிராக்மோடு' என்பதை நிறுத்திவைத்தால் அந்தத் தொல்லை போய்விடும். எழுத்தளவைக் கூட்டுங்கள். விளக்கப் பெட்டியைப் பக்கத்திலிருந்து கீழே இறக்குங்கள். கைபேசிக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றால், வானிலைத் துறையின் கட்டம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் அகலம். அதில் சாரமும் இலாசுப்பேட்டையும் ஒரே எண். தெருவுக்குத் தெரு எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை அங்கே குடியிருப்பவர்கள்தான் நமக்குச் சொல்ல முடியும். அவர்கள் கைபேசியில் நம் படம் திறந்தால்தான் 'இங்கே இல்லை தம்பி, எங்கள் தெருவில் இன்னும் ஒரு முழம் கூட' என்று திருத்துவார்கள்.

பேச்சு இத்தோடு போதும், இனி கேள்விகளுக்கு வருவோம். மடிக்கணினியில் வராத படத்தோடு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். எச்.டி.எம்.எல். கோப்பாக எழுதிப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.